புழுதிக் கண்ணாடியில் வரைந்தவள்

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் தூங்கிவிடுவோம். என் பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் தூங்கமாட்டாள். ஒல்லியான உடம்பு, சிவந்த கண்கள், கழற்ற மறந்த யூனிபார்ம் தொப்பி. தென்காசிப் பக்கம் ஊர். மண்ணூர் ஹாஸ்டலில் தங்கி, தபால் வழியில் பொருளாதாரம் படித்தாள். ஒரகடம் தொழிற்பேட்டை லாரிகளின் புழுதி அப்பிய ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுப் படிப்பாள்.

ஒருநாள் கேட்டேன், "இன்னாடி வரைஞ்சிகினு கீற?"

"இன்னைக்குப் பரீட்சை இருக்குக்கா. வேலைக்கு எத்தனை மணி நேரம், ஓய்வுக்கு எத்தனை மணி நேரம்னு தொழிலாளியே முடிவு பண்ணுத படம்."

"தொழிலாளியே முடிவு பண்றாளா? எந்த கம்பெனிடி அது?"

சிரித்தாள்.

"சரி, இந்த பஸ்ல வர்ற நேரம் எதுல சேரும்?"

"ஓய்வுலக்கா."

"வூட்டுக்குப் போய் நான் சோறாக்கறது?"

கோட்டின் மேல் இன்னொரு முறை விரலை ஓட்டினாள். "சம்பளம் இல்லாததெல்லாம் ஓய்வுதான்க்கா. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

சொன்னவள், கோட்டின் மேலேயே நெற்றியைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். மண்ணூரில் நான்தான் எழுப்பினேன். நெற்றியில் புழுதியோடு, பரீட்சைக்கு நேரமாச்சு என்று இறங்கி ஓடினாள்.

அடுத்த வாரம் என் ஷிப்ட் மாறிவிட்டது. அவள் பாஸானாளா என்று தெரியாது. காலையில் உலை வைக்கும்போது, நான் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிப்பார்க்கிறேன். இடுப்புதான் நம்பமாட்டேன் என்கிறது.