மூன்று விசில்

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியர். வில்வித்தை வகுப்பில் ஒரு விசில் என்றால் அம்பு எய்யலாம். மூன்று விசில் என்றால் வில்லைத் தரையில் வைத்துவிட்டு அம்புகளை எடுத்துவரப் போகலாம்.

அன்று மூன்று ஊதினேன். ஆறு பேர் இலக்குப் பலகைக்குப் போனார்கள். அதற்குள் பனிமூட்டம் மைதானத்தை மூடிவிட்டது. திரும்பி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. மணி அடிப்பதற்குள் வகுப்பை முடிக்கிற அவசரத்தில், தலைகளை எண்ணாமலே ஒற்றை விசில் ஊதினேன்.

பனிக்குள்ளிருந்து அலறல் வந்தது. பலகையில் ஆழமாகப் பதிந்த அம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவியின் தோளில் அம்பு தைத்திருந்தது.

'விசிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

காப்பி எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அவள் அம்மா என்னைக் கும்பிட்டார். "ஏனுங்க சார், விசிலுக்கு முன்னாடியே ஓடிட்டாளாமாங்க? நொம்பத் துடுக்குங்க இவ. மனசுல வெச்சுக்காதீங்க."

கட்டிலில் கிடந்தவள் என்னையே பார்த்தாள்.

"பரவாயில்லைங்கம்மா," என்றேன் நான்.

தோள் ஆறிவிட்டது. இப்போதும் மூன்று விசில் ஊதினால் மற்றவர்கள் ஓடுகிறார்கள். அவள் மட்டும் நின்று, தரையில் கிடக்கும் விற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் நடக்கிறாள். அது என் வேலை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.