கப்பலிலிருந்து குதித்த முதுகு

என் இளைய மகன் சினிமாவில் டூப் போடுகிறவன். கதாநாயகன் முகத்தைக் காட்டுவான், இவன் முதுகைக் காட்டுவான். ஒரு பெரிய படத்தின் முதல் பாகத்தில் மாடிக்கு மாடி தாவியது இவன்தான். அந்த முதுகு திரையில் வரும்போதெல்லாம் குடும்பத்தோடு கை தட்டினோம். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

இரண்டாம் பாகத்தைக் கப்பலில் எடுத்தார்கள். நாற்பது நாள் கழித்து வந்தவன் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினான். கேட்டால், "கப்பல்ல இருந்து வந்தா ஒரு வாரம் அப்படித்தாம்மா ஆடும்" என்றான். வாரம் போய் மாதம் மூன்றாயிற்று. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. மருமகளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான் அத்தை. பால்காரர் சிரிச்சாக்கூட தண்ணி கலந்துட்டார்னு சொல்வீங்க."

"கலந்திருந்தாரா இல்லையா?"

அவள் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்குள் மூன்றாம் பாகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹெலிகாப்டரில் தொங்க வேண்டுமாம். சண்டை மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பேச வருவதாக இருந்தார். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, அப்போதுதான் வெளியாகியிருந்த இரண்டாம் பாகத்தின் பகல் காட்சிக்கு எல்லோரும் போனோம். வேண்டுமென்றே அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

படமா அது? கப்பல் எப்போது புறப்பட்டது, எங்கே போகிறது, ஒன்றும் புரியவில்லை. வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறான். சுட்டுத் தொலைத்தால் நாமாவது வீட்டுக்குப் போகலாம். பின்னாலிருந்து ஒருவர், "யாராவது ஓட்டை போட்டு முழுக வைங்கப்பா!" என்றார்.

கடைசியில் கப்பலின் உச்சியில் ஓடிவந்து கடலில் குதிக்கும் கட்டம். பேத்தி "அப்பா!" என்று கத்திக் கை தட்டினாள். மருமகளும் தட்டினாள். அவனும் தட்டினான். நான் தட்டவில்லை. ஓடும்போது என் மகனுக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கும். நடக்கப் பழகிய நாளிலிருந்தே அப்படி. இந்த முதுகு பலகை மாதிரி நேராக ஓடியது.

குதித்ததும் திரையில் சத்தமே இல்லை. "அது நீ இல்ல" என்றேன் இடது காதில். பதில் இல்லை. எட்டி வலது காதில் சொன்னேன். தட்டிய கை நின்றுவிட்டது.

வெளியே வந்து தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"ஒத்திகையில தண்ணியில பக்கவாட்டா விழுந்துட்டேம்மா. இந்தக் காது போச்சு. படத்துல குதிச்சது வேற ஆளு. உயரத்துல நின்னா தலை சுத்துது."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். வேற என்ன வேலைம்மா தெரியும் எனக்கு?"

"நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"உன் பிடிவாதத்த விடும்மா."

"நான் விட மாட்டேன். நீதான் தலை சுத்திக் கயித்த விட்டுடுவ."

மறுநாள் மாஸ்டர் வந்ததும் நாற்காலியை வாசற்படியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மகன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு அவனே சொன்னான். மருமகளுக்கும் அப்போதுதான் தெரியும். சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சுடா" என்றார் மாஸ்டர்.

"அப்புறம் ஏன் கூப்பிட வந்தீங்க?" என்று கேட்டேன். மனுஷன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இப்போது என் மகன் தரையில் நின்று, மேலே தொங்குகிறவர்களுக்குக் கயிறு கட்டுகிறான். ஒவ்வொரு முடிச்சையும் நான்கு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுகிறானாம். "அம்மா மாதிரியே சந்தேகம் புடிச்சவன்" என்று மாஸ்டர் திட்டுகிறாராம். திட்டட்டும். நான்கு முறை போதுமா என்பதுதான் எனக்குக் கவலை.