தூணுக்கு அடியில் இருப்பவை

தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மேசையில் கிடந்த நாளிதழை நகர்த்திப் பார்க்கிறான். அடியில் அக்காவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்று. அதை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் டம்ளர் இறங்குகிறது, சத்தமே இல்லாமல். நாற்காலியை இழுக்க மாட்டான், தூக்கித்தான் வைப்பான். யாராவது கூடையைத் தொப்பென்று இறக்கினால், "கீழ என்ன இருக்குன்னு பாத்துட்டு வைங்க" என்பான். தரைதானே இருக்கும் என்றால், "வெறும் தரைன்னு ஒண்ணு எங்க இருக்கு?" என்பான்.

வயது நாற்பத்து மூன்று. தீவின் படகுத்துறையில் அவனுக்குப் பெயர் 'மிதவை'. படகுகள் நங்கூரம் போட்டால் அடியிலுள்ள பவளப்பாறை நொறுங்கும். நொறுங்கியது நம் ஆயுளுக்குள் வளர்ந்து முடியாது. அதற்காகக் கடலுக்குள் இருபத்தாறு மிதவைகள் கட்டியிருக்கிறார்கள். படகுகள் அவற்றில் கயிறு மாட்டிக்கொள்ளலாம். மிதவைகளின் பாசியைச் சுரண்டுவதும் நைந்த கயிற்றை மாற்றுவதும் இவன் வேலை. பதினான்கு வருடமாகத் தற்காலிகம். தினமும் ஒவ்வொரு மிதவையிடமும் நலம் விசாரிக்கிறான் என்று படகுக்காரர்கள் கேலி செய்வார்கள். "சும்மா சொல்றாங்க. ராத்திரி காத்தடிச்சா மட்டும்தான் கேப்பேன்" என்பான்.

சென்ற வருடம் ஒரு சொகுசு விடுதி நிறுவனம் வந்தது. ஆழம் குறைந்த அந்தக் கடலின் மீதே எண்பது வீடுகள். அவற்றைத் தாங்க இருநூற்று நாற்பது தூண்கள். ஒவ்வொரு தூணும் இறங்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அரசுக்குப் பட்டியல் தர வேண்டும். முங்கிப் பார்க்க இவனைக் கூப்பிட்டார்கள். போனான்.

துறையே சிரித்தது. "என்ன மிதவை, பங்களா கட்டப் போறியாமே. எங்களுக்கும் ஒரு ரூம் ஒதுக்கு." துறையில் பயணச்சீட்டு கிழிக்கும் அவன் அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "நான் போகலைன்னா வேற ஒருத்தன் படகுல உக்காந்தபடியே எழுதிக் குடுத்துருவான்க்கா" என்றான்.

எழுதியே வைத்திருந்தார்கள். அச்சிட்ட தாளில் இருநூற்று நாற்பது கட்டத்திலும் 'மணல்'. நிறுவனத்தின் பொறியாளர் கேட்டது பக்கத்தில் ஒரு டிக் மட்டும்.

பத்தொன்பது நாள் முங்கினான். நீருக்குள் எழுதும் பலகையில் அவன் பென்சிலால் கிறுக்கி வந்ததை அக்கா சாயங்காலங்களில் தாளில் ஏற்றினாள். எட்டாவதோடு நின்ற படிப்பு. எழுத்து அச்சு மாதிரி. அளவுகோல் வைத்து 'மணல்' மீது கோடு போட்டு, மேலே எழுதுவாள். பதினேழு: மூளைப் பவளம், கதவகலம். நாற்பத்தொன்று: கடற்புல், ஆமை மேய்ந்தது. எண்பத்தெட்டு: விலாங்கு வளை, ஆள் இருக்கிறது.

"ஆள் இருக்குன்னா எழுதணும்? ஆபீசுக்குப் போற தாள்டா."

"எழுதுக்கா. நான் எட்டிப் பாத்தப்ப வீட்லதான் இருந்துச்சு."

ஒன்பது இடங்களில் மட்டும் வெறும் மணல். அக்காவின் பேனா நின்றது.

"இங்கயும் எதையாவது போட்டுரலாமேடா."

"மணல் மணல்தான்க்கா. இதுல பொய் சொன்னா, மத்த இருநூத்தி முப்பத்தொண்ண யாரு நம்புவா?"

பொறியாளர் அந்தத் தாளைக் கையால் தொடவில்லை. அனுமதி தர வேண்டிய அதிகாரி இடம் பார்க்க வந்த அன்று, துறையில் வைத்து அவரிடமே கொடுத்தான்.

"கம்பெனி அறிக்கை மணல்ங்குது. நீங்க வேற சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

"இவரு எங்க ஆளே இல்ல சார்," என்றார் கூட வந்த பொறியாளர். "துறையிலயும் தற்காலிகம்தான். அடுத்த வருஷம் இருப்பாரோ என்னவோ."

சீட்டு ஜன்னலுக்குள் இருந்த அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கையிலிருந்த சீட்டு கோணலாகக் கிழிந்தது. இத்தனை வருடத்தில் அவள் கையில் அப்படிக் கிழிந்ததே இல்லை.

மிதவை வாதாடவில்லை. "நாலாம் நம்பர் தூண் வர்ற இடம் அதோ தெரியுது. உங்க இடுப்பளவு தண்ணிதான் சார்" என்றான். படியிறங்கி, முங்கும்போது மாட்டும் கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி, உள்பக்கம் துப்பினான். ஆவி படியாமலிருக்க முங்குகிறவர்கள் செய்வது. கட்டைவிரலால் வட்டவட்டமாகத் தேய்த்தான். கடல்நீரில் இரண்டு தரம் அலசினான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் ஏந்தி அதிகாரியிடம் நீட்டினான்.