சீமெந்துப் பைச் சுவரும் கண்டி மேசனும்

ஓட்டமாவடியில் ஒரு அரிசி ஆலை, காத்தான்குடியில் மாடியோடு ஒரு புடவைக் கடை, மூன்று பெண்பிள்ளைகளுக்கு மூன்று வீடுகள், செட்டிபாளையத்துத் தென்னந்தோட்டத்தைச் சுற்றி ஒரு மதில். இவை நான் கட்டியவை. ஆலையின் கூரையைச் சூறாவளி கொண்டுபோனது, திரும்பப் போட்டேன். மதிலை வெள்ளம் சாய்த்தது. முன்னையதைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்டினேன். சண்டைக்காலத்தில் கடை எரிந்தது. சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு அதே இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம், போனதாக வாப்பாவிடம் சொன்னது மட்டும்தான்.

ஆனால் இந்தப் பட்டியலில் முதலாவதாக வரவேண்டிய ஒன்றை யாரும் சேர்ப்பதில்லை. அது ஒரு சுவர். பத்து வயதில் நான் செய்தது. அதைச் செய்தவன் என்ற பெயரைக் கண்டி மேசன் ஒருவன் அறுபது வருடத்துக்கு மேலாகச் சும்மா வைத்துக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் பேத்தியின் கல்யாணத்துக்காக அவளுடைய அறையைப் புதுப்பித்தோம். கட்டாரிலிருந்து வந்த மகன் உருளை உருளையாகக் கடதாசி கொண்டுவந்திருந்தான். வெள்ளைக் கடதாசி. தொட்டால் அரிசி தூவியதுபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. சுவரில் ஒட்டிவிட்டு விரும்பிய நிறத்தில் மேலே பெயின்ற் அடிக்கலாமாம். வெடிப்பு, கீறல் எல்லாம் மறைந்துவிடுமாம்.

"இது புதுச் சாமான் வாப்பா. உங்களுக்கு வெளங்காது. நீங்க கதிரையில இரிங்க," என்றான்.

எனக்கு விளங்காதாம்! அவனுடைய உம்மா பிறப்பதற்கு முன்பே இந்த வேலையைச் செய்து முடித்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். ஆகையால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன்பே சுவரின் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம். அதன் உப்பெல்லாம் நிலத்தால் ஏறி என் மூத்த சகோதரி ராத்தாவுக்கென்று கட்டிய அறைச் சுவரில் பூத்திருந்தது. வெள்ளையடித்தால் ஒரு கிழமையில் மீன் செதிள்போல உதிரும். முதலில் பெண் பார்க்க வந்த மாமி ஒருத்தி அந்தச் சுவரில் சாய்ந்துவிட்டு எழும்பியபோது முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. சர்பத்தைத் தொடாமலே போனார்கள். "செவரு வேர்க்கிற வீடு எங்களுக்குத் தோதில்ல" என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்.

ராத்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "இன்னொருக்காவும் இப்படிப் போனாங்கண்டா, நான் தறியையே கட்டிக்கிறன்," என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நெசவுதான்.

இரண்டாவது இடத்தார் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை சுவர் பூச வந்த மேசன் சுவரைத் தட்டிப் பார்த்தார். பூச்சை முழுதாகக் கொத்தி எடுக்க வேண்டும், காய ஒரு மாதம் வேண்டும் என்றார். வாப்பா வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அலுமாரியை நகர்த்தி மறைக்கலாம் என்றால் சுவர் அலுமாரியைவிட நாலு மடங்கு அகலம்.

அப்போதுதான் நான் முடிவெடுத்தேன். எங்கள் தெருவில் என்னைப்போல் பட்டம் ஒட்ட ஆளில்லை. மூங்கில் குச்சியில் ஒட்டுகிற கடதாசி சுவரில் ஒட்டாதா? பள்ளிவாசலில் கட்டட வேலை நடந்தது. வெறும் சீமெந்துப் பைகள் குவிந்து கிடந்தன. கேட்டு வாங்கிவந்து உதறி, உள்ளே இருந்த நல்ல தாள்களை உரித்தெடுத்தேன். பசைக்கு எங்கே போவது? வாப்பா தறியின் பாவு நூலை விறைப்பாக்கக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சி ஒரு பானை நிறைய இருந்தது.

ராத்தா எட்டிப் பார்த்தாள். "டேய், இது பட்டமில்லடா, செவரு!"

"செவருதான். நூலில்லாமப் பறக்காது. நீ அந்த மூலையப் பிடி."

முதல் தாள் காய்ந்ததும் முழுக்கச் சுருக்கம் விழுந்தது. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதென்னடா, பல்லுப் போன கிழவிட முகம் மாதிரி இரிக்கி?"

வேறொருவன் என்றால் அந்த இடத்தில் விட்டிருப்பான். நான் விடவில்லை. ஒன்று சுருங்கினால் குறை. எல்லாம் சுருங்கினால் அது வேலைப்பாடு. மிச்சத் தாள் ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்துக் கையால் கசக்கி, விரித்து, கஞ்சி தடவி ஒட்டினேன். புதன்கிழமை மாலையில் சுவர் முடிந்தது. வியாழக்கிழமை சுண்ணாம்பில் கொஞ்சம் கஞ்சியும் நீலமும் கரைத்து, தேங்காய்ப் பொச்சு நாரால் மூன்று தரம் அடித்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, காற்றடிக்கும் நேரத்து ஆறு சுவரில் ஏறி நின்றதுபோல இருந்தது.

கஞ்சிப் பானை காலியென்று கண்டு வாப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சுவரைக் கண்டார். ஓங்கிய கை சுவரில் போய் நின்றது. தடவிப் பார்த்தார். திரும்பிப் போய் அடுத்த பானைக் கஞ்சியைத் தானே காய்ச்சினார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா வந்தார். பெரிய உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. உம்மா அவரை அறைக்குள் கூட்டிவந்தார். வாப்பா வெளியே திரைக்கு அப்பால் நின்றார். நான் சின்னப் பொடியன் என்பதால் உள்ளேயே நின்றேன், நகமெல்லாம் நீலத்தோடு. அந்த மாமி நேராகச் சுவரிடம் போனார். உள்ளங்கையால் தடவிக்கொண்டே மூலைவரை நடந்தார். மூலையில் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி விரலை வாயில் வைத்து நனைத்துச் சுவரில் அழுத்தினார். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்துவிட்டேன். கையை எடுத்தபோது என் வெள்ளைச் சுவரில் பெருவிரல் அளவுக்கு ஒரு சிவப்பு!

நான் மாமியை முறைத்தேன்.

"காக்கா," என்று அண்ணன் முறை வைத்து வாப்பாவைத் திரைக்கு வெளியே கேட்கும்படி கூப்பிட்டார் மாமி. "இது ஆருட வேலை?"

வெளியே ஒரு இருமல். "அது... கண்டியால ஒரு மேசன் வந்தார்."

நான் வாயைத் திறந்தேன். உம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"நல்ல கை. என்ட மகளுக்கும் ஒரு அறை கட்டக் கிடக்கு. அவரெ ஒருக்கா எங்கட பக்கம் அனுப்புங்களேன்."

"அவர் ஊருக்குப் போயிட்டாரே!"

"அப்ப அவருக்கு என்ட சலாத்தச் சொல்லுங்க," என்றார் மாமி, என் நகங்களைப் பார்த்துக்கொண்டு. பிறகு கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்து சர்பத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றே கல்யாணம் பேசி முடிந்தது.

ராத்தாவும் மச்சானும் அந்த அறையில் குடியிருந்தார்கள். கடதாசி இரண்டு மாரி தாங்கியது. பிறகு வாப்பா ஒழுங்காகப் பூச்சுப் பூசினார். ஆனால் கதை மட்டும் உதிரவில்லை. "கண்டி மேசன் செய்த சுவரைக் காட்டித்தான் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தோம்" என்று வாப்பா சொன்னதை உம்மா சொன்னார், உம்மா சொன்னதை ஊர் சொன்னது. அந்த மாமி வேறு, வரும்போதெல்லாம் முந்தானையில் வறுத்த கஜுக்கொட்டை முடிந்துவந்து, "கண்டி மேசன், இஞ்ச வாங்கோ!" என்று என்னையே கூப்பிடுவார். ஊரில் இல்லாத ஒருவனுடைய பெயரைச் சொல்லி நக்கலடிக்கிறார் என்று நினைத்தேன். என் சுவரில் வெற்றிலைக் கறை வைத்தது போதாமல் இதுவும் வேறா? கொட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன். அவர் மௌத்தாகும்வரை முகம் கொடுத்து நான் பேசியதில்லை.

மகன் என்னைக் கதிரையில் உட்காரச் சொன்ன அன்று நான் உட்காரவில்லை. ஒட்டி முடித்த கடதாசியைத் தடவிக்கொண்டே மூலைவரை நடந்தேன். மூலையில் ஒரு முனை கிளம்பியிருந்தது. யோசிக்கவேயில்லை, விரலை நாக்கில் நனைத்து அழுத்தினேன்.

"அப்பா! வெத்தில!" என்று கத்தினாள் பேத்தி. பாட்டனை நாங்கள் அப்பா என்போம்.

விரலை எடுத்தேன். சிவப்பு.

அன்றும் மூலை கிளம்பியிருந்திருக்கிறது. அதற்குள் சீமெந்துப் பையின் பழுப்பு நிறம் தெரிந்திருக்கும். ஈரச் சுவர் தெரிந்திருக்கும். மாமி எல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு மானத்தைத் தன் எச்சிலால் ஒட்டி மூடினார். ஆருடைய வேலை என்று அவர் கேட்டது தெரியாமல் இல்லை; வாப்பா தலை நிமிர்ந்து ஒரு பொய் சொல்வதற்கு இடம் விட்டுத்தான். கறை வைத்தவர் என்று நான் கோபித்திருந்த அந்த ஒரு மனிஷிதான் என் வேலைக்கு உரிய பெயரை என் முகத்துக்கு நேரே சொல்லிக் கூப்பிட்டவர். அந்தப் பத்து வயதுக்கு அது விளங்கவில்லை.

பெயின்ற் அடிக்க வந்தபோது அந்த மூலையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் சிவப்பு அவருடையது. மற்றதெல்லாம் என்னுடையது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பழைய கதையை எடுத்தால் இனிச் சரியாகச் சொல்லவேண்டும். கண்டியிலிருந்து எவனும் வரவில்லை. கண்டி மேசன் யாரென்று கேட்டால், வாசலில் கதிரை போட்டு இருப்பேன், என்னைக் காட்டுங்கள்.