பொம்மைக்குக் கட்டிய ஈரத்துணி

எண்ணூரில் எங்கள் வீட்டைச் சுற்றித் தொழிற்சாலைகள்தான். எங்கோ வாயு கசிந்ததாக அன்று காலை செய்தியில் பார்த்திருந்தேன். மாலையில் ஜன்னல் வழியே காரநெடி வந்ததும் பதறிப்போனேன். நான்கு வயது மகளின் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டி, "அம்மா சொல்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது, கண்ணு" என்று தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மீன் விற்றுவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா தெருவில் மறித்தார். "இன்னாம்மா, புள்ளைய மூட்டை கட்டிக்கினு எங்க ஓடுற? இது தெனிக்கும் அடிக்கிற நாத்தம்தான். வூட்டுக்குப் போ."

தினமும் அடிக்கிறது என்பது எப்படி ஆறுதலாகும்? ஆனாலும் திரும்பினேன்.

மறுநாள் மகள் தன் பொம்மையின் முகத்தில் ஈரக் கைக்குட்டையைக் கட்டி, "மூச்சு விடக் கூடாது" என்றாள். எப்போது விடச் சொல்வாள் என்று கதவோரம் காத்து நின்றேன். அவள் சொல்லவே இல்லை. முந்தின நாள் நானும் சொல்லியிருக்கவில்லை.