ஓரகத்தி தட்டிப் பார்த்த சரவிளக்கு

செஞ்சி கடைத்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சரவிளக்கு உயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கயிறு கட்டி இறக்கிக் கோரைப்பாயின் மேல் வைத்தார்கள். அண்ணாந்து பார்த்தவரை அரண்மனைப் பொருளாகத் தெரிந்தது, தரையில் உட்கார்ந்ததும் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிப்போயிருந்தது. அதன் தொங்கல்களுக்கு இடையில் ஒட்டடை. அதைச் சுற்றித்தான் அன்று பாகப்பிரிவினைப் பேச்சு நடந்தது.

என் கணவரோடு பிறந்தவர்கள் இருவர். மாமனார் விட்டுப்போன எலக்ட்ரிக்கல் கடையை மூத்தாரும் என் கணவரும் நடத்தினார்கள். நடுவில் பிறந்தவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பத்தாவது படிக்கும் மகளோடு மாடியறையில் இருந்தார். கடை இரண்டு ஆண்களுக்கு, சரவிளக்கு அக்காவுக்கு என்று மூத்தார் முன்பே முடிவு செய்துவிட்டார். மத்தியஸ்தத்துக்கு வந்திருந்த அரிசி மண்டிக்காரரிடம் அவர் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது.

“எங்க நைனா, ஜமீன் வூட்லேர்ந்து எடுத்தாந்தது. அசல் கிரிஸ்டல். இத வித்தா கடையவிட கூடவே வரும். பொம்பள, கடையில நின்னு இன்னா பண்ணப் போவுது?”

அக்கா பிறந்தது புதுச்சேரியில். இடிபடும் பழைய பிரெஞ்சுக்காரர் வீடுகளிலிருந்து கதவு, நிலை, விளக்கு என்று வாங்கி விற்பது அவருடைய அப்பாவின் தொழில். கல்யாணம் வரை அந்தக் கடையில் வாங்குவதையும் விற்பதையும் பார்த்துக்கொண்டது அக்காதான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குழம்பு வைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அக்கா எழுந்து வந்து பாயருகே உட்கார்ந்தார். “அந்த ஜன்னலத் தொறம்மா” என்றார் என்னிடம். என் கணவர் என்னை முறைத்தார். நான் போய் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தேன். கோட்டை மலையில் காய்ந்து வரும் பங்குனி வெயில் கூடத்துக்குள் வந்து விழுந்தது. அக்கா கீழ்வரிசைத் தொங்கல் ஒன்றைக் கழற்றினார். கையில் வைத்து எடை பார்த்தார், பட்டைகளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார், பிறகு மூத்தாரிடம் நீட்டினார்.

“அச்சுல ஊத்தினது, மாமா. பக்கத்துல கோடு ஓடுது பாருங்க. ஓரமெல்லாம் சோப்பு தேஞ்ச மாதிரி மழுங்கலா இருக்குது. கையால பட்டை தீட்டினதா இருந்தா வெரல்ல உறைக்கும்.”

அக்கா அதைத் திரும்ப வாங்கி வெயிலில் பிடித்தார். சுவரில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது, அவ்வளவுதான். நகத்தால் சுண்டினார். டொக் என்றது. பிறகு மேல்வரிசையில் ஒன்றைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அது கனமாக இருக்கிறது என்பது அவர் மணிக்கட்டு தாழ்ந்ததிலேயே தெரிந்தது. சுண்டியதும் கோயில் மணி அடித்து ஓய்வதைப்போல ஓசை இழுத்துக்கொண்டே போனது. வெயிலில் காட்டியபோது மண்டிக்காரரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஊதாவும் சிதறின. அவர் குனிந்து தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிரிஸ்டலும் கண்ணாடிதாங்க. ஈயம் சேத்து உருக்குறதால இந்தக் கனம், இந்த ஜொலிப்பு. மேல் வரிசை மட்டும் அசல். ஒடைஞ்ச எடத்துலயெல்லாம் சாதாக் கண்ணாடிய மாட்டி வச்சிருக்காங்க.”

மூத்தாரின் முகம் தெளிந்தது. “அப்ப கிரிஸ்டலும் இருக்குது இல்ல?”

“இருக்குது. மொத்தமும் கிரிஸ்டலா இருந்தாலும் எனக்கு வேணாம். எம் புருஷன் பங்கு கடையில இருக்குது மாமா, உத்தரத்துல இல்ல.”

மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் படி அளக்கிறோம் என்று மூத்தார் இறங்கி வந்தார். அக்கா எழுந்து நின்றார். “எனக்குப் படி வேணாம். அளக்கிற எடத்துல நான் உக்காரணும்.” மண்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கோர்ட்டுக்குப் போனா கேஸு அந்தம்மா பக்கம்தான் நிக்கும் தம்பி, பேசி முடிச்சிக்கோ” என்றார்.

ஆனால் பேசி முடிய மாதங்கள் ஆயின. வீட்டில் அடுப்பு இரண்டானது. புருஷன் போனவளுக்குக் கடை ஒரு கேடா என்று உறவில் எல்லோரும் ஒருமுறையாவது சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்தினார். கடைசியில் கடையின் நடுவே பலகைத் தடுப்பு அடித்து, மூலைப் பகுதியை அவருக்கு ஒதுக்கினார்கள். மதிய வெயில் நேராக அடிக்கும் பக்கம் அது.

அக்காவின் கடைத் திறப்பு அன்று நான் புடவை மாற்றிக் கிளம்பியபோது என் கணவர் வாசலை மறித்தார். “நீ அங்க போய் நின்னா, அண்ணன் மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?”

“கண்ணத் தொறந்து முழிங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு அக்கா கடையின் ஷட்டர் சிக்கிக்கொண்ட ஒரு காலையில், என் கணவரே வந்து தூக்கிவிட்டுத் தன் பக்கம் போனார்.

விளக்கைப் பற்றித் தெரிந்திருந்ததால் அக்கா பிழைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கிரிஸ்டலுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணுக்கும் பங்கு பங்குதான். அந்தப் பரீட்சை அவர்கள் சொன்ன பொய்யை உடைத்தது. கடையை வாங்கிக் கொடுத்தது அவர் எழுந்து நின்ற நிற்பு. அத்தனை வருஷம் அதே கூடத்தில் இருந்தும் ஏன் அந்த விளக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “மேல தொங்குற வரைக்கும் அது வெளக்கு. எம் பங்குன்னு எறக்கி வச்சப்புறம்தான் அது இன்னான்னு பாக்கணும்” என்றார்.

இப்போது நானும் அந்தக் கடையில்தான் இருக்கிறேன். மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் தெருவை அடைக்கும் நாட்களில் நிற்க நேரமிருக்காது. போன மாதம் கடைத்தெரு வியாபாரிகள் கூட்டத்துக்கு முதல்முறையாக இருவரும் போனோம். அத்தனையும் ஆண்கள். முன்வரிசையில் மூத்தார். வாசலில் நின்றவர், “வூட்டு ஆம்பளைங்க வரலியாம்மா?” என்று கேட்டார்.

“கடையத் தொறக்கிறது, மூடறது நாங்க” என்றார் அக்கா. “நாற்காலி எங்க?”

வாசலில் நின்றவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்ததிலிருந்து ஒன்றை எடுத்து வந்து போட்டார். அக்கா உட்காரவில்லை, என்னைக் காட்டினார். இன்னொன்றும் வந்தது.