கேட் ஓரத்து முசுமுசுக்கை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். சாயம்போன காக்கிச் சட்டை, நரைத்த மீசை, பட்டறைத் தூசியில் எங்கள் எல்லோருக்கும் இருந்த அதே இருமல். பக்கத்து மேனாம்பேட்டு வேலியிலிருந்து கொண்டுவந்த முசுமுசுக்கைக் கொடியைக் கேட்டை ஒட்டிய வெறும் மண்ணில் படரவிட்டிருந்தார். இரண்டு மழைக்குள் தரையே தெரியாமல் மூடிக்கொண்டது. அதன் குட்டிச் சிவப்புப் பழங்களுக்காகக் கொண்டைக்குருவிகள் வந்தன. லாரி வந்தால், பாதைக்கு நீண்ட கொடிகளைத் தடியால் மெல்லத் தூக்கி மண்பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் கேட்டைத் திறப்பார். டிரைவர் ஹாரன் அடித்தாலும் அவசரப்பட மாட்டார்.

ஒருநாள் அவர் விடாமல் இருமுவதைப் பார்த்துச் சொன்னேன்.

"இருமலுக்கு மருந்தே இதுதானே அண்ணே. ஒரு கைப்பிடி கிள்ளித் துவையல் அரைக்கச் சொல்லுங்களேன்."

"துளிருலதான் சார் பூ வைக்குது. நான் கிள்ளிட்டா குருவிங்க இன்னாத்த துன்னும்?"

"இவ்வளவு படர்ந்து கிடக்கே!"

"இருமல் எனுக்கு மட்டுமா கீது? நான் கைய வெச்சேன்னா எஸ்டேட்டே வந்து கிள்ளிகினு பூடும் சார்."

அன்று மாலை மெடிக்கல் ஷாப்பில் அவர் இருமல் டானிக் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாட்டிலைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு நகர்ந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, நானும் அதையே கேட்டு வாங்கினேன்.